பத்மினியின் பின்பக்கத்தைக் கட்டும்போது வெல்டிங் பழகினேன்

அப்பா 1984-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி, தூத்துக்குடியில் எங்கள் வீட்டுப் பின்னால் 11 வருஷம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. உப்புக்காற்று சும்மா விடுமா? போன வருஷம் டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கினேன். கீழே மண்தரை தெரிந்தது. கமான் பட்டையின் (லீஃப் ஸ்பிரிங்) பின்முனை மாட்டும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் பிடிவரைக்கும் உள்ளே போனது. பத்மினிக்குத் தனிச் சேசிஸ் கிடையாது, பாடிதான் எல்லாம். பின்பாரத்தைத் தாங்குவது அந்த இடத்தில் பெட்டி மாதிரி மடித்திருக்கும் தகடுதான்.

முதலில் கேட்ட பட்டறையில், மேலே ஒரு தகடு வைத்து ஒட்டிவிடலாம் என்றார்கள். அப்படி ஒட்டிய தகடுகள் ஏற்கெனவே 2 இருந்தன. சுரண்டினால் தார், பட்டி, அதற்கும் கீழே பொடிப்பொடியாகத் துரு. இரண்டு தகட்டுக்கு நடுவில் தண்ணீர் நின்று நல்ல இரும்பையும் தின்றிருந்தது. இனி நானே செய்வது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருமுனையில் கிரில் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி. என்னிடம் இருந்த ஆர்க் மெஷினில் ராடு தொட்ட இடமெல்லாம் ஓட்டை விழுந்தது. "வாசல் கேட்டு அடிக்க இது போதும் தம்பி. வண்டித் தகட்டுக்கு சிஓடூதான் சரி" என்றார். சிஓடூ என்பது, வயர் தானாக வந்து உருக, கேஸ் அதைக் காற்றுப் படாமல் காக்கும் வெல்டிங்குக்குப் பட்டறைப் பெயர். அப்படிப் பழைய மெஷின் ஒன்று வாங்கி, 0.8 மி.மீ. வயரும் ஆர்கான் கலந்த கேஸும் மாட்டினேன்.

2 வாரம் அண்ணாச்சி என்னை வண்டிப் பக்கமே விடவில்லை. 20 கேஜ் (சுமார் 0.9 மி.மீ.) தகட்டுத் துண்டுகளை ஒட்டு, மடக்கு, மறுபடி ஒட்டு. "கண்ணால பார்க்குறது அப்புறம், முதல்ல சத்தத்தைக் கேளு" என்பார். செட்டிங் சரியாக இருந்தால் எண்ணெயில் வடை வேகிற மாதிரி சீராகச் சத்தம் வரும். வயர் வேகம் கூடினால் கையைத் தள்ளிப் படபடவென்று வெடிக்கும். குறைந்தால் நுனி உருகிப் போய் டிப்பில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய துண்டை வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடிக்கச் சொல்வார். தகடு கிழிந்தால் வெல்டு நன்றாகப் பிடித்திருக்கிறது. வெல்டு ஓடிய தையல் அப்படியே விட்டு வந்தால் மேலோடு ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். பார்க்க அழகாக இருந்த பல தையல்கள் அந்த அடியில் விட்டுப்போயின.

ஒரு நாள், ஒரே ஒரு டேக்தானே (பொட்டு வெல்டு) என்று ஷீல்டு போடாமல் வைத்துவிட்டேன். அப்போது ஒன்றும் தெரியவில்லை. நடுராத்திரி கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரிச்சல், திறக்கவே முடியவில்லை. 2 நாள் இருட்டறையில் கிடந்தேன். உருளைக்கிழங்கு வெட்டி வை, தாய்ப்பால் விடு என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் கண் டாக்டரிடம் போனேன். நீங்களும் அதையே செய்யுங்கள்.

அப்புறம்தான் வண்டி. பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தெருவுக்கே கொண்டுபோய் வைத்தோம், பேட்டரியையும் எடுத்தோம். வெட்டுவதற்கு முன் இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து, குறுக்கே எல் ஆங்கிள் வைத்து ஒட்டினோம். இல்லாவிட்டால் வெட்டியதும் பாடி தொய்ந்துவிடும். பளபளவென்று இரும்பு தெரியும்வரை வெட்டியதில், 30 செ.மீ. என்று நினைத்தது 70 செ.மீ. ஆனது.

முதல் துண்டை ஒரே இழுப்பில் ஓட்டினேன், அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. அதை அறுத்து எறிந்துவிட்டுப் புதுத் துண்டு வெட்டினேன். இந்தத் தடவை இந்த முனையில் ஒரு டேக், எதிர் முனையில் ஒரு டேக், கை வைக்கும் அளவுக்குச் சூடு ஆறும்வரை காத்திருப்பு. ஒரு சாண் நீளத்துக்கு ஒரு மணி நேரம். இடைவெளி அகலமான இடத்தில் பின்னால் செம்புப் பட்டையைப் பிடித்தால் ஓட்டை விழாது. செம்பு சூட்டை வாங்கிக்கொள்ளும், வெல்டு அதில் ஒட்டாது. தகடு ஒன்றன்மேல் ஒன்று வரும் இடங்களில் மேல் தகட்டில் 8 மி.மீ. துளை போட்டு வெல்டால் நிரப்பினேன். பெட்டிக்குள் துத்தநாக பிரைமர் அடித்து, தண்ணீர் வடிய அடியில் துளையும் விட்டிருக்கிறேன்.

ஜாக்கை இறக்கிய அன்று அப்பா வந்து பின்பம்பர்மேல் இரண்டு கையையும் ஊன்றி அழுத்தினார். கமான் பட்டை இறங்கி ஏறியது. தகட்டில் ஒரு முனகல்கூட இல்லை. குனிந்து தையலை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, "வலது பக்கம் எப்போ?" என்றார்.