வாட்ஸ்அப் இல்லாத வீடுகளுக்குச் செய்தி சேர்ப்பது எப்படி?

ஆசிரியர் நண்பர்களுக்கு வணக்கம். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, 2021 நவம்பர் 1-ஆம் தேதி திறக்கிறது. ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் இதுவரை வகுப்பறையில் உட்கார்ந்ததே இல்லை.

மொத்தம் 64 பிள்ளைகள். வாட்ஸ்அப் குழுவில் 30 வீடுகள்தான். அதிலும் போன் காலையிலேயே அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது. நாம் சொல்வதற்குள் "ஸ்கூல்ல சின்னப் பிள்ளைங்களுக்கும் ஊசி போடுவாங்களாம்" என்ற வதந்தி தெருவைச் சுற்றிவிடுகிறது. நேற்று ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல டீச்சர்?" என்றார். சுற்றறிக்கையை நீட்டி அவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

எந்த வகுப்புக்கு எந்த நாள், முகக்கவசம், சத்துணவு, காய்ச்சல் வந்தால் யாரிடம் சொல்வது, இவ்வளவும் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டும். ரேஷன் கடையில் தட்டி வைக்கலாமா, நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கே போய்ப் பேசலாமா என்று யோசிக்கிறேன். செப்டம்பரிலேயே திறந்த உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களே, உங்களுக்கு எது கைகொடுத்தது? பெற்றோருக்கு அனுப்பிய குரல் பதிவு இருந்தால் பகிருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் ஒப்புதல் எப்படி வாங்கினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.