ஃபுட்பாலில் பொம்பளப் பிள்ளைகளும் பையன்களும்: நேர்மையில வித்தியாசம் உண்டா?

பாளை லைன்ஸ்மேன்
பாளையில நடந்த மகளிர் ஆட்டம். 1-1, முடியப் போற நேரம். பந்து கோல் போஸ்டுக்கு வெளிய கோல் லைனைத் தாண்டிட்டு, ரெஃப்ரி கோல் கிக் காட்டிட்டார். டிஃபெண்டர் பிள்ளை ஓடி வந்து, "சார், என் ஷின்கார்டுல (கால் காப்புல) பட்டுதான் போச்சு"ன்னு குனிஞ்சு தொட்டுக் காட்டுது. ஆட்டம் மறுபடி தொடங்கலை, அதனால முடிவை மாத்த விதி 5 (ரெஃப்ரியோட அதிகாரம் பத்தினது) இடம் கொடுக்கு. எதிரணிக்கு கார்னர், அதுலயே கோல். "உன்ன யாருட்டி வாயத் தொறக்கச் சொன்னா?"ன்னு அதோட கோச் மைதானமே கேக்க வஞ்சதுதான் இன்னும் உறுத்துது. பையன்கள் ஆட்டத்துல ஒருத்தன் இப்படி வந்து சொல்லிப் பார்த்ததில்ல.

அம்பை ஸ்டாப்பர்
அண்ணாச்சி, அந்த ஒண்ண வச்சு முடிவு கட்டாதீங்க. கார்னர் நேரத்துல சட்டையப் பிடிச்சு இழுக்கது, ரெஃப்ரி திரும்பினதும் கிள்ளுதது எல்லாம் மகளிர் ஆட்டத்துலயும் உண்டு. சத்தம் இருக்காது, அவ்வளவுதான். விழுந்து நடிக்கதுல வித்தியாசம் நிசம். 2011ல வந்த அமெரிக்க ஆய்வு ஒண்ணு சர்வதேச ஆட்டங்களை எண்ணிப் பார்த்துச்சு: அடிபட்ட மாதிரி விழுகது மகளிர் ஆட்டம் ஒண்ணுக்கு 6க்குக் கொஞ்சம் கம்மி, ஆடவர்ல 11க்கு மேல.

பையன்கள்ல முன்னிலை வந்ததும் நேரத்தக் கடத்த கீப்பர்தான் அடிபட்ட மாதிரி படுப்பான். மத்தவன் சிகிச்சை வாங்கினா வெளிய போயிட்டுத்தான் வரணும், கீப்பருக்கு அது கிடையாது. அந்தச் சாக்குல பத்துப் பேரும் கோச்கிட்ட தண்ணி குடிக்க ஓடுவானுவ.

வள்ளியூர் விங்
எனக்கு மறக்காதது வேற. எதிரணிப் பையன் விழுந்துட்டான்னு ஒருத்தன் பந்தை வெளிய தட்டி விட்டான். த்ரோ-இன்ல திருப்பிக் கொடுக்கணும்ங்கது மரபு, விதியில்ல. கொடுத்தானுவ, கார்னர் கொடிப் பக்கமா. உடனே எறிஞ்ச டீம்லேருந்தே மூணு பேர் பாய்ஞ்சு வளைச்சு, பந்தப் பறிச்சு கோல் போட்டுட்டானுவ. விசில் ஊத ரெஃப்ரிக்குக் காரணமே இல்ல.

போட்டி நடத்துறவங்களுக்கு: டாஸ் போடும்போதே பேசிருங்க. கேப்டன் மட்டும்தான் ரெஃப்ரிகிட்ட வரலாம், மத்தவன் கிட்ட வந்து வாதாடினா மஞ்சள் கார்டு. 2024 யூரோவுல (ஐரோப்பிய நாடுகள் போட்டியில) இதத்தான் செஞ்சாங்க. சின்ன வயசு ஆட்டத்துல மஞ்சளைக் காட்டிட்டு கொஞ்ச நேரம் வெளிய உக்கார வைக்கலாம், தேசிய சங்கம் அனுமதிச்சிருந்தா. மொத்த நேரத்துல 10 முதல் 15 சதவீதம்; 30+30 ஆட்டம்னா 6லேருந்து 9 நிமிஷம். பையன்களுக்கு வெறும் கார்டை விட இதுதான் சுடும், டீம் பத்து பேரோட தவிக்கத அவனே பாக்கணும்லா. பிள்ளைகள் ஆட்டத்துல வாய்ச்சண்டை கம்மி, அங்க லைன்ஸ்மேன் பந்தை விட்டுட்டு கார்னர்ல கைகளைப் பாக்கணும். கீப்பர் படுத்தா மத்தவங்களை பெஞ்ச் பக்கம் விடாதீங்க, போன நேரத்த முழுசாச் சேர்த்துக் கொடுங்க.

பாளை லைன்ஸ்மேன்
கேப்டனே கீப்பரா இருந்தா, அங்கேருந்து ஓடி வரணுமா?

வள்ளியூர் விங்
வேண்டாம் அண்ணாச்சி. டாஸ் நேரத்துலயே அதே டீம்ல கீப்பர் இல்லாத ஆட்டக்காரர் ஒருத்தர் பேரைச் சொல்லிரணும். பேசுதது அவரு மட்டும்தான்.