தேக்குகாற்றா, தேக்குக் காற்றா? ஒரு துப்பாக்கிக்குப் பெயர் தேடிய மடல்கள்

மன்னார்குடியிலிருந்து

குழுவினருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமை எட்டுப் பக்கக் கையேடு ஒன்று அச்சுக்குப் போக வேண்டும். இரண்டு சொற்களுக்குத் தமிழ் கிடைக்காமல் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: பி.சி.பி. (ப்ரீ-சார்ஜ்டு நியூமேட்டிக், காற்றை முன்பே ஏற்றிவைக்கும் துப்பாக்கி), காலிபர் (குழலின் உள்விட்ட அளவு).

எங்கள் பள்ளியில் பதினொரு பிள்ளைகள் துப்பாக்கி சுடும் பயிற்சியில் சேர்ந்திருக்கிறார்கள். ஒன்பது பேர் விவசாயக் குடும்பம். இதுவரை பள்ளியில் இருக்கும் பழைய ஸ்பிரிங் துப்பாக்கியில்தான் பழகினார்கள். இப்போது சில பெற்றோர் சொந்தமாக ஒன்று வாங்கித் தரலாம் என்கிறார்கள். எதை வாங்குவது என்று அவர்களுக்குச் சொல்லத்தான் கையேடு.

ஸ்பிரிங் துப்பாக்கியில் ஒவ்வொரு முறையும் குழலை மடித்துச் சுருள்வில்லை அழுத்திவைக்கிறோம். விசையை இழுத்ததும் வில் பாய்ந்து உந்தியை (பிஸ்டனை) தள்ளும். காற்று அந்த நொடியில்தான் நெருக்கப்படுகிறது. ரவை குழலை விட்டு வெளியேறும் முன்பே துப்பாக்கி முன்னும் பின்னும் உதறிவிடும். பத்து மீட்டர் போட்டி இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம். அந்த உதறலோடு அதைத் தொடுவது பிள்ளைகளுக்குப் பெரும்பாடு. பி.சி.பி.யில் காற்று முன்கூட்டியே, பெரும்பாலும் 200 பார் அழுத்தத்தில், குழலுக்கு அடியில் இருக்கும் உருளையில் நிரம்பியிருக்கும். விசையை இழுத்தால் சிறு சுத்தியல் ஒன்று வால்வைத் தட்டித் திறக்கும், கொஞ்சம் காற்று வெளியேறும், வால்வு மூடிக்கொள்ளும். உதறல் மிகக் குறைவு. ஒரு தடவை நிரப்பினால் பல முறை சுடலாம்.

இதற்கு ‘முன்னேற்றிய காற்றுத் துப்பாக்கி’ என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்த என் மனைவி, “முன்னேற்றம் அடைந்த துப்பாக்கியா?” என்று கேட்டார். அடித்துவிட்டேன்.

காலிபருக்குச் சொல் கேட்பதும் அழகுக்காக அல்ல. எங்கள் ஊர்க்காரர் ஒருவருக்கு ஒரு கடையில் 5.5 மி.மீ. துப்பாக்கியைக் காட்டி, “காற்றுத் துப்பாக்கிக்குக் காகிதமே வேண்டாம்” என்று சொல்லியிருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ.க்கு மேற்பட்ட துளையோ 20 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றலோ இருந்தால் உரிமம் வேண்டும். பத்து மீட்டர் போட்டியும் 4.5-இல்தான். அபினவ் பிந்த்ரா 2008-இல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கியதும் அந்த அளவில்தான். இதைப் பெற்றோர் ஒரே வாசிப்பில் புரிந்துகொள்ள வேண்டும்.

---

திருவையாற்றிலிருந்து

தம்பிக்கு வாழ்த்து. பிள்ளைகளுக்குத் தமிழில் எழுத நினைத்ததே பெரிய காரியம். எழுதுவதை நல்ல தமிழில் எழுதிவிடுவோம்.

முதலில் ‘துப்பாக்கி’. இது துருக்கிய ‘தூஃபெக்’ வழியாக, வடக்கே ‘துபக்’ ஆகி நம்மிடம் வந்தது என்பார்கள். நான் மறுக்கவில்லை. ஆனால் குறள் 12-இல் ‘துப்பாய துப்பாக்கி’ என்று ஒலி அப்படியே இருக்கிறது. அங்கே பொருள் உணவை ஆக்கி என்பது. மழையைப் பற்றிய குறள். அயல்சொல் ஒன்று தமிழ்க் காதுக்கு முன்பே பழகிய ஓசைக்குள் வந்து குடியேறியிருக்கிறது. ஆகவே துப்பாக்கி இருக்கட்டும்.

ரைபிள் என்பதைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். குழலின் உட்புறத்தில் திருகலாக ஓடும் வரிகள்தான் அதன் அடையாளம். ரவை சுழன்று நேராகப் போவது அதனால்தான். அதற்குப் ‘புரி’ இருக்கிறது. முப்புரி நூல், வலம்புரிச் சங்கு. எனவே ‘புரிகுழல்’.

காலிபருக்கு என் முன்மொழிவு ‘புழையளவு’. உள்ளே வெற்றிடமாக நீண்டு ஓடுவது புழை. யானையின் கைக்கு உள்ளே அப்படி இருப்பதால் புழைக்கை என்றார்கள். கோட்டைச் சுவரின் சிறுவாயிலும் புழை. வீட்டின் பின்வாயில் புழைக்கடை, அதுவே திரிந்து புழக்கடை ஆனது. நம் பக்கம் கொல்லை என்றே சொல்லிப் பழகியதால் அந்தச் சொல்லைத் தவறவிட்டோம். தூம்பும் இதற்கு உறவுதான். மலைபடுகடாத்தில் களிற்றின் மூச்சுப்போல ஒலிக்கும் தூம்பு வருகிறது. கல்வெட்டுகளில் ஏரி மதகுக்கும் தூம்பு. காற்று போனாலும் நீர் போனாலும் உள்வெளி ஒன்றே என்று கண்ட மொழி இது.

பி.சி.பி.க்கு முழுப் பெயர்: முன்னடை வளிப் புரிகுழல். முன்பே அடைத்த காற்றில் சுடும் புரிகுழல் என்று பொருள்.

---

கும்பகோணத்திலிருந்து

ஐயா, இந்தக் கையேட்டை டி.டி.பி. செய்யப்போவது நான். ‘முன்னடை வளிப் புரிகுழல்’ என்று அட்டையில் போட்டால் நாதஸ்வரக் கச்சேரி என்று நினைப்பார்கள். பெற்றோர் கடையில் போய்க் கேட்கும் சொல் பி.சி.பி. அது எங்காவது இருக்க வேண்டும்.

இன்னொன்று. முதல் வரைவில் ஓரிடத்தில் ‘வாயு நிரப்பிய’ என்று இருக்கிறது. எங்கள் தெருவில் வாயு என்றால் சமையல் கேஸ். அதை மாற்றச் சொல்லுங்கள்.

---

மன்னார்குடியிலிருந்து

அக்காவுக்கு நன்றி. வாயுவை இன்றே எடுத்துவிடுகிறேன். இது சாதாரண விஷயம் இல்லை. வாயு என்று படித்துவிட்டு யாராவது ஆக்ஸிஜன் உருளையிலிருந்து நிரப்பப் பார்த்தால் உயிருக்கே ஆபத்து. அவ்வளவு அழுத்தத்தில் ஆக்ஸிஜன், துளி எண்ணெயோ கிரீஸோ பட்டால் பற்றி வெடிக்கும். காற்று மட்டும்தான், அதுவும் ஈரம் நீக்கிய காற்று. நம் டெல்டாவின் புழுக்கத்தில் கைப்பம்பால் அடித்தால் உள்ளே நீர் கோக்கும், உருளை துருப்பிடிக்கும். ஈரம் பிடிக்கும் வடிகட்டி இல்லாத பம்பு வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன்.

பஞ்சர் கடையில் நிரப்பலாமா என்று ஒருவர் கேட்டார். கார் டயருக்கு 30, 35 பவுண்டு காற்று அடிக்கிறோம். இதற்கு வேண்டிய 200 பார், அதே கணக்கில் ஏறத்தாழ 2,900 பவுண்டு. பஞ்சர் கடைக் கம்ப்ரஸரால் அதன் பக்கத்தில்கூடப் போக முடியாது.

---

வேதாரண்யத்திலிருந்து

சின்னக் குறிப்பு. துப்பாக்கியை யாழ்ப்பாணத்தில் துவக்கு என்பார்கள். கொடியக்கரைப் பக்கம் எங்கள் தாத்தா காலத்துக்காரர்கள் வாயில் அதைக் கேட்டிருக்கிறேன். திருவையாற்று ஐயா சொன்ன துருக்கிச் சொல்லுக்கு இது இன்னும் நெருக்கம் அல்லவா? கையேட்டுக்கு வேண்டாம், தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதினேன்.

கொடியக்கரை என்றதும் ஒன்று. சரணாலயம் பக்கத்திலேயே இருக்கும் ஊர்கள் நாம். கொக்கு, மடையான் எதையும் இதனால் சுடக்கூடாது, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் இருக்கிறது என்று முதல் பக்கத்திலேயே போடுங்கள். வடுவூர்ப் பறவைகள் சரணாலயம் உங்களுக்கு இன்னும் பக்கம்.

---

ஒரத்தநாட்டிலிருந்து

எனக்குத் துப்பாக்கி தெரியாது. முப்பது வருடம் பொதுப்பணித் துறையில் மதகும் ரெகுலேட்டரும் பார்த்தவன். மன்னார்குடித் தம்பியின் விளக்கத்தைப் படித்ததும் இது மேட்டூர் கதை என்று தோன்றியது.

மேட்டூரில் 120 அடிக்குத் தேக்குகிறோம். திறக்கும்போது வேண்டியதை மட்டும் விடுகிறோம். ஸ்பிரிங் துப்பாக்கி ஏற்றத்தில் இறைப்பது மாதிரி, ஒவ்வொரு சாலுக்கும் உடம்பு முழுக்க அசைய வேண்டும். இது தேக்கத்திலிருந்து பாய்வது. அதனால்தான் உதறல் இல்லை. ஆகவே ‘தேக்குகாற்றுத் துப்பாக்கி’ என்று வையுங்கள். டெல்டாவில் எந்த விவசாயிக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

ஒரு சந்தேகம். அணையில் மட்டம் இறங்க இறங்க மதகில் வேகம் குறையும். இதிலும் அப்படியா?

---

மன்னார்குடியிலிருந்து

அப்படியேதான் அண்ணா. கட்டுப்பாடு இல்லாத துப்பாக்கியில் உருளை குறையக் குறைய ரவையின் வேகம் மாறும். இதில் கூடுதலாக ஒரு விநோதம். அழுத்தம் மிக அதிகமாக இருக்கும்போதும் வேகம் குறைவாகவே இருக்கும், ஏனென்றால் அந்த அழுத்தத்தை எதிர்த்துச் சுத்தியலால் வால்வை முழுதாகத் திறக்க முடியாது. நடுவில் ஏறி, பிறகு இறங்கும். விலை கூடிய துப்பாக்கிகளில் இதைச் சரிசெய்ய இடையில் ஒரு கருவி உண்டு. உருளையில் எவ்வளவு இருந்தாலும் வால்வுக்கு ஒரே அழுத்தத்தைத்தான் அனுப்பும். அதன் பெயரும் ரெகுலேட்டர்தான்!

---

ஒரத்தநாட்டிலிருந்து

அதற்கு எங்கள் துறைப் பலகையிலேயே தமிழ் இருக்கிறது. நீரொழுங்கி. நீரை எடுத்துவிட்டுக் காற்றைப் போடுங்கள். காற்றொழுங்கி.

---

திருவையாற்றிலிருந்து

காற்றொழுங்கி மிக நன்று. ஒரு மாற்றமும் சொல்ல மாட்டேன்.

‘தேக்குகாற்று’ பற்றி இலக்கணம் பேச வேண்டும். இது வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல. தேக்கிய காற்று, தேக்குகிற காற்று, தேக்கும் காற்று என்று முக்காலமும் காட்டும். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ‘தேக்குக் காற்று’ என்று ஒற்று விழுந்தால் தேக்கு பெயர்ச்சொல் ஆகிவிடும், தேக்கு மரத்துக் காற்று என்று பொருள் போய்விடும். ஒரே ஒரு க் தான், ஆனால் அணை மரமாகிவிடுகிறது. முதல் கடிதத்தில் நான் சொன்ன வளியைத் திரும்பப் பெறுகிறேன். காற்று இருக்கட்டும்.

---

கும்பகோணத்திலிருந்து

ஐயா, கட்டாயம் க் விழும். நான் போடாவிட்டாலும் மெய்ப்புப் பார்ப்பவர் போடுவார். அவரும் விட்டுவிட்டால் படிக்கிறவர் மனதில் போட்டுக்கொள்வார். துப்பாக்கியின் கட்டையும் மரம். அப்போது தேக்குத் துப்பாக்கி என்றே முடிவு செய்துவிடுவார்கள். ‘காற்றுத்தேக்கத் துப்பாக்கி’ என்றால் இந்தச் சிக்கல் இல்லையே. நீர்த்தேக்கம் எல்லோருக்கும் தெரியும்.

---

பட்டுக்கோட்டையிலிருந்து

காலிபரை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். எங்கள் குடும்பம் போர் போடும் குடும்பம். எங்கள் பக்கத்துக்காரரிடம் நாலரை போர், ஆறரை போர் என்றால் அங்குலக் கணக்கு என்று உடனே புரியும். துப்பாக்கியும் நாலரைதான், அங்குலத்துக்குப் பதில் மில்லிமீட்டர். ஆழ்துளைக் கிணறு என்று அரசாங்கமே எழுதிப் பழக்கிவிட்டது. ‘துளையளவு’ என்று போடுங்கள். “துளையளவு நாலரை, அதற்கு மேல் போனால் உரிமம்.” எங்கள் ஆளுக்கு இது போதும்.

---

சுவாமிமலையிலிருந்து

துளையளவு எளிது, மறுக்கவில்லை. ஆனால் காலிபர் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பார்த்தீர்களா? அரபியில் ‘காலிப்’ என்றால் அச்சு, வார்ப்புக்கான கரு என்று அகராதிகள் சொல்கின்றன. அங்கிருந்து இத்தாலி, பிரெஞ்சு வழியாகப் போயிருக்கிறது. நாங்கள் இங்கே மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் பூசிக் கரு கட்டி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம் வார்க்கிறோம். உள்ளே இருக்கும் வெற்றிடம்தான் பொருளின் அளவைத் தீர்மானிக்கிறது. காலிபரும் அதுவே. குழலுக்கு ஏற்ற ரவை, ரவைக்கு ஏற்ற குழல். இரண்டுக்கும் பொதுவான ஒரு பெயர் அது. துளையளவு குழலை மட்டும்தான் சொல்கிறது. ‘அச்சளவு’ என்றால் இரண்டையும் சொல்லும்.

புரி வெட்டிய குழலுக்கு உள்விட்டமே இரண்டு உண்டு. மேட்டுக்கு மேடு ஒன்று, பள்ளத்துக்குப் பள்ளம் ஒன்று. எந்தத் துளையை அளப்பீர்கள்?

ரவையின் வடிவத்துக்கு என்ன சொல் வைத்தீர்கள்? இடுப்பு ஒடுங்கி இருக்கிறது, உடுக்கை மாதிரி.

---

மன்னார்குடியிலிருந்து

உடுக்கை ரவை! அதை எடுத்துக்கொண்டேன் அண்ணா. தட்டைத் தலை உடுக்கை ரவை காகிதத்தில் சுத்தமான வட்டம் வெட்டும், பயிற்சிக்கு அதுதான் வாங்க வேண்டும் என்று சேர்த்துவிட்டேன்.

அச்சளவு மனதுக்குப் பிடிக்கிறது. ஆனால் அச்சகத்தில் அச்சளவு என்றால் வேறு பொருள். பக்கத்தின் அளவு என்று அக்காவே நினைப்பார். நேரமும் இல்லை. இதுவரை வந்த கருத்துகளை எண்ணினேன். துளையளவுக்கு ஐந்து பேர், புழையளவுக்கு ஒருவர், அச்சளவுக்கு ஒருவர். பெயருக்குக் காற்றுத்தேக்கத் துப்பாக்கி, முதல் முறை வரும் இடத்தில் ‘கடைகளில் பி.சி.பி. என்பார்கள்’ என்று ஒரு வரி. ரெகுலேட்டர் காற்றொழுங்கி. இப்படியே கொடுக்கிறேன்.

வேகம், எடை எல்லாம் ஒரு பத்தியில் வந்துவிட்டன. போட்டி ரவை அரை கிராமுக்குச் சற்றுக் கூடுதல், வினாடிக்கு 175 மீட்டர் போகிறது, கணக்குப் போட்டால் 8 ஜூல். சட்டத்தின் 20 ஜூலுக்கு வெகு கீழே. ஆற்றல் கூடிய துப்பாக்கி தேடி அலைய வேண்டாம் என்று பெற்றோருக்கு இதைக் காட்டியே சொல்கிறேன்.

---

திருவையாற்றிலிருந்து

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். உடன்பாடு இல்லை என்பதைப் பதிவு செய்யுங்கள்.

காரணம் பழமைப் பற்று அன்று. நான் இருப்பது சங்கீத ஊர். இங்கே குழலில் துளை என்றால் விரல் வைக்கும் துளை. நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாதஸ்வரம் செய்கிறார்களே, அங்கே போய்த் ‘துளையளவு’ கேளுங்கள், பக்கவாட்டில் இருக்கும் துளையைக் காட்டுவார்கள். நுனிமுதல் அடிவரை காற்று ஓடும் உள்வெளி வேறு, பக்கத்தில் திறக்கும் துளை வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால், இருந்த வேறுபாட்டை நாமே அழிக்கிறோம். கிணற்றில் பக்கத்துளை இல்லை, அதனால் பட்டுக்கோட்டைத் தம்பிக்கு உறுத்தவில்லை. துப்பாக்கியிலோ காற்று குழலுக்குள் நுழைய ஒரு பக்கத்துளை இருக்கிறது என்று நீங்களே மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

---

மன்னார்குடியிலிருந்து

ஐயா, நீங்கள் சொன்ன பிறகு மூன்றாம் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ‘காற்று வரும் துளை’ என்று இருக்கிறது. அடுத்த வரியிலேயே ‘துளையளவு 4.5 மி.மீ.’ என்றும் இருக்கிறது. படிக்கிறவர் முதல் துளையைத்தான் அளப்பார். ஐந்தாம் பக்கத்தில் ரவைத் தலையின் அளவுகள் 4.49, 4.50, 4.51, 4.52 என்று வேறு வருகின்றன, அதற்கும் சொல் இல்லை. மேலே ஒரு இடத்தில் ‘தேக்குக் காற்று’ க் போட்டு நிற்கிறது.

அச்சகம் நாளை காலை பத்து மணிவரை காத்திருக்கும் என்று அக்கா சொல்கிறார்.