எங்க வம்சமே ஒல்லி என்றார்கள்

வியாசர்பாடி அம்மா:

மூத்தவன் கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். அதனால் இரண்டாவது பெண்ணையும் அப்படியே விட்டுவிட்டேன். 14 மாதத்திலும் ஆறேழு மாதத்தில் எடுத்த கவுன் பொருந்தியது. துணிச் செலவு மிச்சம் என்று சந்தோஷம்கூடப் பட்டேன். அத்தையிடம் சொன்னால், "எங்க வம்சமே ஒல்லிதாம்மா, உங்க மாமாவைப் பாரு" என்றார்.

பால்வாடிக்குச் சத்துமாவு வாங்கப் போன அன்று டீச்சர் அவளைத் தராசில் உட்கார வைத்தார். 7.2 கிலோ. பிறந்தபோது 2.8. ஒரு வயதுக்குள் பிறந்த எடை மூன்று மடங்காக வேண்டுமாம். அப்புறம் இடது கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, பச்சை மஞ்சள் சிவப்பு போட்ட ஒரு நாடாவைச் சுற்றினார். 12.1 செ.மீ., மஞ்சள். 12.5 இருந்தால் பச்சை. 11.5-க்குக் கீழே போனால் சிவப்பு, உடனே ஆஸ்பத்திரி. "இன்னும் ஆறு மில்லிமீட்டர்தாம்மா" என்றார்.

என்ன கொடுக்கிறேன் என்று கேட்டார். பால், பிஸ்கட், ரசம் சாதம். பால் மட்டும் புட்டியில் ஐந்து தடவை, கிட்டத்தட்ட ஒரு லிட்டர், அதிலும் சளி பிடிக்கும் என்று தண்ணீர் கலந்தது. வயிறு பாலிலேயே நிறைந்துவிட்டால் சாப்பாடு எங்கே இறங்கும்? பாலில் இரும்புச்சத்தும் மிகக் குறைவு, சாப்பாட்டில் இருப்பதையும் சரியாகச் சேரவிடாது. ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.4, ரத்தசோகை. சுவர்ச் சுண்ணாம்பை அவள் சுரண்டித் தின்றது ஏனென்று அப்போதுதான் புரிந்தது. அதற்கு நான் அடித்திருக்கிறேன்.

இப்போது பருப்பு சாதம், கரண்டியைச் சாய்த்தால் வழியாத அளவு கெட்டியாக, மேலே ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய். தினம் ஒரு முட்டை, சத்துமாவு உருண்டை. பால் அரை லிட்டருக்குள், டம்ளரில். இரும்புச் சொட்டு மருந்து கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். நான் பயந்துபோய் நான்கு நாள் நிறுத்திவிட்டேன். மூன்று மாதத்தில் 8.3 கிலோ. அண்ணன் தட்டிலிருந்தும் முட்டையைப் பிடுங்குகிறாள்.

தண்டையார்பேட்டை, ஓய்வுபெற்ற பால்வாடி டீச்சர்:

மெலிந்த பிள்ளையைக் கண்டுபிடித்துவிடலாம். என்னை ஏமாற்றியது ஒரு குண்டுப் பிள்ளை. கன்னம் உப்பி, கால் பொம்மென்று இருந்தது, எடையும் மோசமில்லை. முடி மட்டும் செம்பட்டை, எந்நேரமும் நச்சரிப்பு. பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்தேன். குழி அப்படியே நின்றது, இரண்டு காலிலும். சதை இல்லை, சத்துக்குறைவால் கோத்த நீர். அன்றைக்கே எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அம்மா அப்போது ஏழு மாதம். வயிற்றில் அடுத்தது தங்கியதும் தாய்ப்பாலை நிறுத்தி, வெறும் கஞ்சியாகக் கொடுத்திருக்கிறார்கள்.

நம் பாட்டிகள் சவலைப் பிள்ளை என்று சொன்னது இப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான். கானா நாட்டுக் கா மொழியில் இந்த நோய்க்குக் குவாஷியோர்கர் என்று பெயர். அங்கே வேலை பார்த்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1935-இல் அந்தப் பெயரை மருத்துவ உலகத்துக்குச் சொன்னார். அடுத்த குழந்தை வந்ததும் இடம் இழந்த பிள்ளைக்கு வரும் நோய் என்று அர்த்தமாம். எங்கேயோ ஆப்பிரிக்கா, எங்கேயோ தண்டையார்பேட்டை!

புளியந்தோப்பு அப்பா:

பையன் சாப்பிடவில்லை என்றதும் வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று எங்கள் வீட்டில் தொக்கம் எடுக்கக் கூட்டிப்போனார்கள். மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் ஊதி, எதையோ எடுத்துக் காட்டினார்கள். எடை மட்டும் ஏறவில்லை, இறங்கியது. கடைசியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றியே இல்லை, "வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் உண்டா?" என்பதுதான். என் அப்பாவுக்கு இருந்தது, பீடி இருமல் என்று விட்டிருந்தோம். சோதித்ததில் அவருக்கு டிபி, பையனுக்குப் பிரைமரி காம்ப்ளெக்ஸ், அதாவது குழந்தைகளுக்கு வரும் டிபி. இரண்டு பேருக்கும் ஆறு மாதம் மருந்து. இப்போது நான்காவது மாதம். காலையில் தாத்தா போட்டால்தான் பேரன் போடுவான்.