ஃபயர் சர்வீஸ்ல சேர டிப்ளமோ படிக்கணுமா? பென்னாகரம் பக்கம் இருந்து கேக்குறேன்

பென்னாகரத்தான்:
வணக்கம். தம்பி இந்த வருஷம் பிளஸ் டூ முடிச்சிட்டான், சின்ன வயசுலேர்ந்தே ஃபயர் சர்வீஸ் கிறுக்கு, ஊர்ல கெணத்துல மாடு விழுந்தா வண்டி வர்றதுக்கு முன்னாடி இவன் போய் நிப்பான். இப்ப டவுன்ல ஒரு இன்ஸ்டிடியூட்ல ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ ஒரு வருஷம், அறுபதாயிரம் ஃபீஸு, முடிச்சா கவர்மெண்ட் ஃபயர்மேன் வேலை கன்ஃபார்ம்னு சொல்றாங்க. அப்பா மாந்தோப்பு குத்தகைக் காசை அப்படியே தூக்கிக் குடுக்க ரெடியா இருக்காரு. எனக்குத்தான் எங்கியோ இடிக்குது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சைரன்:
முதல்ல காசைக் கட்டாதீங்க. நான் இதே துறைதான், நம்ம ஜில்லாதான், ஸ்டேஷன் பேரு வேணாம். ஃபயர்மேனுக்கு பத்தாவது பாஸ் போதும் தம்பி. சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் போலீஸ், ஜெயில் வார்டரோட சேத்து எக்ஸாம் வைக்கும், 2023ல ஃபயர்மேன் மட்டும் 674 போஸ்ட், 2025ல 631. அந்த டிப்ளமோ வெச்சிருந்தா அரை மார்க் கூட எக்ஸ்ட்ரா கிடையாது.

தமிழ் தகுதித் தேர்வு 80 மார்க்குக்கு, அதுல 32 எடுக்கலைன்னா மெயின் பேப்பரத் திருத்தவே மாட்டாங்க, நம்ம பசங்க தமிழ்தானேன்னு அலட்சியமா போயி அங்கதான் கவுறானுங்க. மெயின் 70, ஜிகே 45 சைக்காலஜி 25. அப்புறம் கிரவுண்டு. 1500 மீட்டர் ஏழு நிமிஷத்துல ஓடி முடிக்கணும், அதுக்கு மார்க் இல்ல, ஆனா முடிக்கலைன்னா வீட்டுக்கு. மார்க் இருக்கிறது கயிறு, ஜம்ப், ஸ்பிரிண்ட்ல, மூணும் சேத்து 24. மார்க்கை ஸ்டார் கணக்குல போடுவாங்க, கயிறு 5 மீட்டர் ஏறுனா ஒரு ஸ்டார், 6 ஏறுனா ரெண்டு. தென்ன மரம் சர்ருனு ஏறுறவன்கூட இதுல திணறுவான், மரம் நிக்கும் கயிறு ஆடும், கைப்பிடி வரவே மாசக்கணக்கு ஆவும், அதனால இப்பவே ஆரம்பிக்கச் சொல்லு. மீதி 6 மார்க் என்சிசி, என்எஸ்எஸ், ஸ்போர்ட்ஸ் சர்டிபிகேட்டுக்கு, அதனால டிகிரி சேந்தா என்சிசி இருக்கிற காலேஜா பாத்து சேரட்டும். டிகிரி இருந்தா பின்னாடி ஸ்டேஷன் ஆபீசர் எக்ஸாமும் எழுதலாம், 2023ல எஸ்ஐ எக்ஸாமோட அது 129 போஸ்ட் வந்துச்சு.

தொழிலை செலக்ட் ஆன பின்னாடி துறையே சொல்லிக் குடுக்கும், தாம்பரத்துல ட்ரெய்னிங் சென்டர் இருக்கு. ஹோஸ் புடிக்கிறது, ஏணி, முடிச்சு, பம்பு, மூச்சுக்கருவி மாட்டிக்கிட்டு புகைக்குள்ள போறது எல்லாம் அங்கதான். இன்னொண்ணு, வேலைன்னா தீ மட்டும்னு நெனச்சிட்டு வரக்கூடாது. நம்ம பக்கம் தீயை விட மீட்புதான் ஜாஸ்தி, தொப்பூர் கணவாய்ல லாரி நசுங்கி உள்ள டிரைவர் மாட்டிக்கிட்டா ஹைட்ராலிக் கட்டர் எடுத்துக்கிட்டு போறது நாங்கதான், காவேரி வெள்ளத்துல ஒகேனக்கல்ல நிக்கிறதும் நாங்கதான். கெணத்துல மாடு விழுந்தா உன் தம்பி போய் நிப்பான்னு சொன்னல்ல, அதுல ஒரு விஷயம் அவன் கிட்ட கண்டிப்பா சொல்லு. பழைய கெணத்துல, உள்ள டீசல் என்ஜின் ஓடுன கெணத்துல, காத்தே இருக்காது. ஒருத்தன் மயங்கி விழுவான், காப்பாத்தறேன்னு எறங்குனவனும் விழுவான், அவனைத் தூக்க மூணாவது ஆளு. இப்படி ஒரே கெணத்துல அடுத்தடுத்து போயிருக்கு. மூச்சுக்கருவி இல்லாம நாங்களே எறங்க மாட்டோம், ஆசை இருக்குன்னு அவன் குதிச்சிடப் போறான்.

சிப்காட்காரன்:
சைரன் அண்ணா சொன்னது கவர்மெண்ட் ரூட்டு, அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. ஆனா ஃபயர் படிப்பே வேஸ்ட்னு முடிவு பண்ணிடாதீங்க. நான் ஓசூர்ல ஒரு கம்பெனில சேஃப்டி டிபார்ட்மெண்ட். பெரிய ஃபேக்டரின்னா சட்டப்படி சேஃப்டி ஆபீசர் இருந்தே ஆகணும். ஆனா அந்தச் சேருக்கு சந்துல இருக்கிற இன்ஸ்டிடியூட் பேப்பர் செல்லாது, இன்ஜினியரிங்கோ டிப்ளமோவோ முடிச்சு எக்ஸ்பீரியன்ஸோட சென்னை ரீஜினல் லேபர் இன்ஸ்டிடியூட்ல ஒரு வருஷ கோர்ஸ் பண்ணவங்களைத்தான் இங்க தேடுறாங்க. முழுசா இதையே படிக்கணும்னா நாக்பூர்ல நேஷனல் ஃபயர் சர்வீஸ் காலேஜ், சென்ட்ரல் கவர்மெண்ட், 1956ல ராம்பூர்ல ஆரம்பிச்சு அடுத்த வருஷமே நாக்பூர் போச்சு, பிஇ ஃபயர் இன்ஜினியரிங் இருக்கு. இல்லன்னா கொச்சி யுனிவர்சிட்டி, குசாட்னு சொல்வாங்க, அங்க பிடெக் சேஃப்டி அண்ட் ஃபயர். தம்பி மேத்ஸ் குரூப்பா? அறுபதாயிரம் கட்டி வர்ற பசங்களை இங்க கான்ட்ராக்ட்ல கேட் பக்கம் சிலிண்டர் செக் பண்ண நிறுத்துவாங்க, அவ்ளோதான்.

காவேரிப்பட்டினம் பொண்ணு:
குறுக்க வர்றேன், பொண்ணுங்க ஃபயர்மேன் ஆக முடியுமா? என் தங்கச்சி நல்லா ஓடுவா.

சைரன்:
2023 நோட்டிபிகேஷன்ல ஃபயர்மேன் ஆண்களுக்கு மட்டும்தான்மா. ஆனா ஆபீசரா வரலாம், பிரியா ரவிச்சந்திரன், மீனாட்சி விஜயகுமார்னு ரெண்டு பேரு குரூப் ஒன் எழுதி 2003லயே வந்துட்டாங்க. பிரியா மேடம் 2012ல சென்னை கலச மஹால் தீயில உள்ள போயி பலமா காயம் பட்டவங்க. தங்கச்சியை டிகிரி முடிச்சு மேல எழுதச் சொல்லு.

பென்னாகரத்தான்:
ரொம்ப நன்றிண்ணா. இப்ப புதுசா ஒரு பிரச்சன, தம்பியை செவுத்துல நிக்க வெச்சு உயரம் அளந்தோம், 168 சென்டிமீட்டர் வருது. நாங்க எம்பிசி.

சைரன்:
எம்பிசிக்கு 170 தம்பி, எஸ்சி எஸ்டிக்குத்தான் 167. காலைல எந்திரிச்ச ஒடனே அளந்தா கொஞ்சம் கூட வரும், சாயங்காலம் அளந்திருந்தா திரும்ப அளந்து பாரு. பதினேழு வயசுதானே, வளந்தாலும் வளருவான். ஆனா அரை சென்டிமீட்டர் கொறஞ்சாலும் அங்க கெஞ்சி ஒண்ணும் நடக்காது, அதனால சிப்காட்காரர் சொன்ன ரூட்டையும் கையில வெச்சிருங்க.

பென்னாகரத்தான்:
மேத்ஸ் குரூப்புதாண்ணா. குசாட் பத்தி விசாரிக்கிறேன். ஆனா அப்பா அந்த இன்ஸ்டிடியூட்ல போன வாரமே அஞ்சாயிரம் அட்வான்ஸ் கட்டிட்டாராம், இப்பத்தான் சொல்றாரு. திரும்ப வாங்க முடியுமா?

சிப்காட்காரன்:
ரசீது இருக்கா? நாளைக்கே அப்பாவைக் கூட்டிட்டு போங்க, வேலை கேரண்டின்னு அவங்க சொன்னதை ஒரு பேப்பர்ல எழுதி சீல் வெச்சு கேளுங்க. எழுதித் தர மாட்டாங்க, அந்த இடத்துல காசைக் கேளுங்க.