திறன் எண்களுக்குப் பகடையா, புள்ளிகளா?

ஈசூன் பகடை:
வணக்கம். சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் ஐந்து பேருக்கு, ஆளுக்கொரு கதைமாந்தராக வேடமேற்று ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை நடத்தி வருகிறேன். வலிமை, அறிவுக்கூர்மை, வசீகரம் எனக் கதைமாந்தருக்குள்ள ஆறு திறன்களில் ஒவ்வொன்றுக்கும் நான்கு பகடைகளை உருட்டி, ஆகக் குறைந்ததை ஒதுக்கிவிட்டு, மீதி மூன்றைக் கூட்டும் வழக்கமான முறையையே பின்பற்றினோம். ஒருவருக்கு 17, 16, 15, 14, 13, 11 விழுந்தன. தேசிய சேவையிலிருந்து வார இறுதியில் மட்டும் வீடு திரும்பும் ஒரு தம்பிக்கோ 13, 12, 11, 10, 9, 7தான். கூட்டிப் பார்த்தால் முன்னவருக்கு 86, பின்னவருக்கு 62.

நான்கு அமர்வுகள் முடிந்துவிட்டன. பூட்டைத் திறப்பதானாலும், கதவை உடைப்பதானாலும், காவலனிடம் பேசிச் சமாளிப்பதானாலும் எல்லோரும் முதலாமவரின் முகத்தையே பார்க்கிறார்கள். தம்பி கைப்பேசியைப் பார்க்கிறார். எல்லோருக்கும் ஒரே அளவு புள்ளிகளைக் கொடுத்துத் திறன் எண்களை வாங்கிக்கொள்ளச் சொல்லும் புள்ளிமுறைக்கு அடுத்த கதையில் மாறலாமா என்று கேட்டால், பகடை இல்லாமல் என்ன ஆட்டம் என்று குழுவின் மூத்தவர் கோபித்துக்கொள்கிறார். உங்கள் மேசைகளில் என்ன செய்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
பகடை புள்ளிமுறையைவிடத் தாராளமானது என்ற பேச்சில் அதிக உண்மையில்லை. நீங்கள் பின்பற்றிய முறையில் ஓர் எண்ணின் சராசரி 12.24, ஆறுக்கும் சேர்த்து ஏறத்தாழ 73.5. விதிநூல் தரும் ஆயத்த வரிசையான 15, 14, 13, 12, 10, 8 என்பதைக் கூட்டினால் 72. சிக்கல் சராசரியில் இல்லை, சிதறலில் இருக்கிறது. கூட்டுத்தொகையின் திட்ட விலக்கம் ஏறக்குறைய 7 என்பதால், ஐந்து பேர் உருட்டும் மேசையில் முதலாமவருக்கும் கடைசியானவருக்கும் இடையே 16 புள்ளிகள் இடைவெளி விழுவது சாதாரணம். உங்களுக்கு 24 விழுந்திருக்கிறது.

1974இல் வெளிவந்த மூலப் பதிப்பில் மூன்று பகடைகளை உருட்டி, விழுந்ததை விழுந்த வரிசையிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 18 விழும் வாய்ப்பு 216இல் ஒன்றுதான். ஆனால் அந்தப் பதிப்பில் வலிமை 18 உள்ளவன் வீசினாலும் 9 உள்ளவன் வீசினாலும் வாள் ஒரே மாதிரிதான் வெட்டியது. வலிமைக்கேற்பத் தாக்குதல் கூடுவது அடுத்த ஆண்டின் துணைநூலில்தான் வந்தது. இன்றைய விதியில் ஒரு செயல் பலிக்கிறதா என்று இருபது முகப் பகடையை உருட்டும்போது, திறன் 17 என்றால் விழுந்த எண்ணுடன் மூன்று கூடும், 13 என்றால் ஒன்றுதான். இருபது முகப் பகடையில் இரண்டு எண்கள் என்றால் நூற்றுக்குப் பத்து, அதுவும் உருட்டும் ஒவ்வொரு முறையும். அந்தக் காலத்துப் பழக்கத்தை இந்தக் காலத்து விதியோடு சேர்த்தால் தம்பிக்கு நேர்ந்ததுதான் நேரும். புள்ளிமுறைக்கு மாறிவிடுங்கள்.

தேக்கா மந்திரவாதி:
கணக்கு சரி, முடிவில் எனக்கு உடன்பாடில்லை. புள்ளிமுறையில் ஆளுக்கு 27 புள்ளிகள். 8க்கு விலையில்லை, 13 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு புள்ளி, அதன்பின் 14க்கு 7, 15க்கு 9. இந்த விலைப்பட்டியலைக் கொடுத்தவுடன் எங்கள் குழுவில் நால்வரில் மூவர் 15, 15, 15, 8, 8, 8 என்று எழுதி நீட்டினார்கள். மூவருக்கும் வசீகரம் 8. சந்தையில் மீன்காரரிடம் பேரம் பேசக்கூட ஆளில்லாத வீரர் படை அது!

நாங்கள் இப்போது பொது வரிசை ஒன்றை உருட்டுகிறோம். உங்கள் மேசையில் ஆட்டக்காரர்கள் ஐவரும் ஆளுக்கு ஓர் எண், ஆறாவதை நீங்கள் என்று உருட்டலாம். அந்த ஆறு எண்களையே எல்லோரும் எடுத்துக்கொண்டு, அவரவர் விரும்பிய திறன்களில் வைத்துக்கொள்ளட்டும். மூத்தவர் கையில் பகடை இருக்கும். அவர் உருட்டிக் கூட்டியது வெறும் 6 என்றால் ஐந்து பேரும் சேர்ந்து அவரைத் திட்டலாம். எங்கள் மேசையில் அந்தத் திட்டுதான் அன்றைய மாலையின் சிறந்த பகுதியாக அமைந்தது.

சீட்டுக்கட்டு:
பகடை கட்டாயமில்லை என்றால் ஒரு வழி உண்டு. சாதாரணச் சீட்டுக்கட்டிலிருந்து 2 முதல் 6 வரையிலான இருபது சீட்டுகளை எடுத்து, அவற்றில் ஒரு 2ஐயும் ஒரு 6ஐயும் நீக்கிவிடுங்கள். மீதமுள்ள பதினெட்டின் கூட்டுத்தொகை 72, அதாவது ஆயத்த வரிசையின் அதே தொகை. கலைத்து, மும்மூன்றாக ஆறு குவியல்கள் போட வேண்டும். அடுத்தவருக்கு அதே பதினெட்டையும் மீண்டும் கலைக்க வேண்டும்.

போன வாரம் என் மனைவிக்கு 6, 6, 3 என்று 15 வந்தது. அதன்பின் 14, 13, 12, 11. கடைசிக் குவியலைத் திருப்புவதற்கு முன்பே அதில் 7தான் மிஞ்சியிருக்கிறது என்று அவர் கூட்டிச் சொல்லிவிட்டார். திருப்பினால் 3, 2, 2. ஒரு குவியலில் கூடினால் இன்னொன்றில் குறைந்தே தீரும் என்பதால் யாரும் யாரைப் பார்த்தும் பெருமூச்சு விடுவதில்லை. எந்தக் குவியல் எந்தத் திறனுக்கு என்பதையும் சீட்டே தீர்மானிக்கட்டும் என்று விட்டால் பழைய காலத்துப் பரபரப்பு கிடைக்கும், ஆனால் மந்திரவாதியாக ஆட ஆசைப்பட்டவர் அறிவுக்கூர்மை 7ஐ வைத்துக்கொண்டு விழிக்க நேரிடும்.

கணக்குப்பிள்ளை:
சீட்டு முறை நன்றாக இருக்கிறது, என் புள்ளிமுறைப் பரிந்துரையைத் திரும்பப் பெறுகிறேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒருவருக்கு 18 வர வேண்டுமானால் மூன்று 6களும் ஒரே குவியலில் விழ வேண்டும். அதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புகூட இல்லை. நான்கு பகடை முறையிலோ குறைந்தது ஒரு 18 வருவதற்கு நூற்றுக்கு ஒன்பதுக்கும் மேல்.

ஈசூன் பகடை:
அனைவருக்கும் நன்றி. பொது வரிசையா, சீட்டா என்று குழுவில் கேட்டேன். 18 வராது என்றதும் மூத்தவர் முணுமுணுத்தார், ஆனாலும் பெரும்பான்மை சீட்டுக்கே. நடப்புக் கதையில் எண்களைத் திருத்தித் தருவதாகச் சொன்னதற்குத் தம்பி வேண்டாம் என்றுவிட்டார். அந்த 7 வலிமைக்காரனை நான்கு அமர்வுகள் உயிரோடு வைத்திருந்ததே தன் சாதனையாம். அடுத்த கதைக்குச் சீட்டைக் கலைக்கும் பொறுப்பை மட்டும் தன்னிடம் விட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.