ஆடிட்டர் அலுவலகத்தில் ஜூனியருக்குப் பங்கு: கொடுக்கலாமா?

மாங்கனி ஊர்க்காரர்: கிருஷ்ணகிரியில் ஓர் ஆடிட்டர் அலுவலகம் என்று வையுங்கள். பெரியவருக்கு 61 வயது. சம்பளத்துக்கு இரண்டு சிஏ (பட்டயக் கணக்காளர்). மூவரும் எடுப்பதற்கு முன் ஆண்டு லாபம் 40 லட்சம். மாம்பழக்கூழ் ஆலை, கிரானைட், ஓசூர் சிப்காட் பட்டறைகள்தான் கிளையன்ட். இருவரையும் பங்குதாரராக்கினால் அலுவலகம் நிலைக்குமா?

பரிசல்துறை: நிலைக்காது. யார் பிடித்த கிளையன்டோ அந்த ஃபீஸில் பாதி அவருக்கு, மீதி வாடகைக்கும் ஆள் சம்பளத்துக்கும். இதுதான் சண்டை வராத கணக்கு. பொதுவில் போட்டுப் பிரித்தால் செப்டம்பரில் ஒருவர் ராத்திரி பகலாக டாக்ஸ் ஆடிட் பார்ப்பார், இன்னொருவர் கல்யாண வீட்டில் இருப்பார்.

கெலமங்கலத்தான்: பரிசல் சார், பிடித்தவருக்கே பாதி என்றால் அந்த கிளையன்டை அவர் பக்கத்து மேசைக்குக் காட்டவே மாட்டார். நம்பாவிட்டால் ஜிஎஸ்டி போர்ட்டலில் பதிவாகியிருக்கும் மொபைல் எண்ணைப் பாருங்கள். கிளையன்ட் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் ஆடிட்டரின் சொந்த நம்பர் இருக்கும். ஓடிபி அவருக்குத்தான் வரும். அவர் கிளம்பும் அன்று கிளையன்டும் கிளம்பியாச்சு. பங்குப் பத்திரம் எழுதும் முன் இதை மாற்றுங்கள்: மொபைல் கிளையன்டுடையது, மின்னஞ்சல் அலுவலகத்தின் பொது முகவரி, ஒவ்வொரு ஃபைலுக்கும் இரண்டு பேர் பொறுப்பு.

கணக்குக்கு வருவோம். மூவரும் போடும் மொத்த மூலதனம் 15 லட்சம், அதற்கு 12 சதவீத வட்டி 1.8 லட்சம். வருமான வரியில் செலவாகக் கழிக்க அதுதான் உச்சவரம்பு. சம்பளம் பெரியவருக்கு 9, மற்ற இருவருக்கும் தலா 6, ஆக 21 லட்சம். வட்டி போன 38.2 லட்சத்தில் முதல் 6 லட்சத்துக்கு 90 சதவீதம், மீதிக்கு 60 என்று போட்டால் 24.72 லட்சம் வரை சம்பளம் கழிக்கலாம். எனவே 21 நிற்கும். மிஞ்சும் 17.2 லட்சத்தை 50:25:25 ஆகப் பிரியுங்கள். வரி போன பிறகு ஜூனியருக்கு வரும் பங்கில் கால்வாசியை நான்கு ஆண்டுக்கு மூலதனக் கணக்கிலேயே நிறுத்துங்கள். நுழையும்போது கடன் வாங்கி மூலதனம் போட வேண்டாம்.

பரிசல்துறை: வரிக்கு முன் பார்த்தாலே 6-ம் 4.3-ம் 10.3 லட்சம். ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர். அனுபவமுள்ள சிஏ அங்கே கம்பெனி வேலைக்குப் போய்விடுவார். போதாததற்கு 2025 ஏப்ரல் முதல் பங்குதாரர் சம்பளம், வட்டி ஆண்டுக்கு 20,000 தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது நிறுவனமே பிடித்துக் கட்டும் வரி. கையில் கொடுக்காமல் மூலதனக் கணக்கில் வரவு வைத்தாலும் பிடித்தாக வேண்டும். கூழ் ஆலைக்காரர் ஃபீஸ் சீசன் முடிந்துதான் வரும், அதுவரை எதை வைத்துக் கட்டுவது?

கெலமங்கலத்தான்: டிடிஎஸ் நியாயமான கேள்வி. சம்பளத்தை மாதாமாதம் பதியுங்கள், மூன்று மாதச் செலவுக்குப் பணம் தனிக் கணக்கில் இருக்கட்டும். ஆனால் பெங்களூரு பயத்துக்குச் சம்பளத்தை ஏற்றுவது மருந்தல்ல. பெரியவர் 65-ல் விலகுவார், அப்போது இருவருக்கும் 40:40 என்று இன்றே பத்திரத்தில் தேதி போட்டு எழுதுங்கள். மீதி 20 பெரியவருக்கு மூன்று ஆண்டு. சிஏ சட்டம் உறுப்பினரல்லாதவரோடு லாபம் பகிரத் தடுக்கிறது, ஓய்வு பெற்ற பங்குதாரருக்குத் தருவதைத் தடுக்கவில்லை.

மாங்கனி ஊர்க்காரர்: இடையில் ஒருவர் இறந்துவிட்டால்?

கெலமங்கலத்தான்: 1932 கூட்டாண்மைச் சட்டம் 42-ஆம் பிரிவுப்படி, பத்திரத்தில் வேறு மாதிரி இல்லையென்றால் நிறுவனமே கலையும். "தொடரும்" என்று எழுதினாலும் குறைந்தது இரண்டு பேர் மிஞ்ச வேண்டும். மூன்றாவது ஆள் அதற்குத்தான். விலகியவருக்குத் தீர்க்காமல் தொழிலை நடத்தினால் 37-ஆம் பிரிவு: அவர் சொத்தால் வந்த லாபப் பங்கு, அல்லது 6 சதவீத வட்டி, எது வேண்டுமென்று அவரே கேட்கலாம். ஆகவே விலகுபவருக்குச் சேர வேண்டியதை "12 தவணை"யில் தீர்ப்போம் என்று எழுதிவிடுங்கள். பங்கு மாறியதும் 30 நாளுக்குள் சிஏ இன்ஸ்டிடியூட்டுக்குப் படிவம் 18-ல் தெரிவியுங்கள்.

பரிசல்துறை: போகிறவர் எதிர்க் கட்டடத்திலேயே போர்டு மாட்டினால்?

கெலமங்கலத்தான்: அதே சட்டத்தில் 36(2) இருக்கிறது. நியாயமான காலத்துக்கும் எல்லைக்கும் உட்பட்டு, அதே தொழில் செய்யமாட்டேன் என்று எழுதி வாங்கலாம். மாவட்டம் முழுக்க, பத்து ஆண்டு என்று எழுதினால் கோர்ட்டில் நிற்பது சிரமம்.

பரிசல்துறை: மொபைல் நம்பர் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். 50:25:25 இன்னும் இடிக்கிறது. கிளையன்ட் பிடித்தவருக்கு முதல் ஆண்டு ஃபீஸில் 10 சதவீதமாவது கூடுதல் சம்பளமாக எழுதுங்கள் சார்.